மணியம் மாமா குடிக்காத பாட்டில்

மணியம் மாமா அன்றைக்குக் குடிக்கவில்லை.

எனக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். அந்தப் படத்தை எடுத்தவளே நான்தான்!

நீங்களும் அதைப் பார்த்திருக்கக்கூடும். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் மஞ்சள் துண்டு. தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கவிழ்த்த பாட்டிலை முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் ஒரு மனிதர். மேலே கொட்டை எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல். உங்கள் வாட்ஸ்அப் புலனக் குழு ஏதாவது ஒன்றில் யாராவது போட்டிருப்பார்கள். நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதற்காக உங்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை... சிரிக்க வைக்கத்தானே அதைச் செய்தேன்!

பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவருக்காக மறைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்காகத்தான். இந்த ஒப்புதலில்கூட என் முகத்தைக் காட்டத் துணிவில்லை.

எனக்குச் சொற்களின் மேல் ஒரு வெறி. செனாவாங்கில், ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். பாடப் புத்தகம் எனக்கு ஒருபோதும் போதாது. ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தக் கப்பலில் ஏறியது, எந்த ஊரில் இறங்கி எப்படிக் குணம் மாறியது... இதைத் தோண்டிக்கொண்டே இருப்பேன். தோண்டியதை யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். அதற்காகவே சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். படம் ஒன்று, சொல் ஒன்று, கீழே தமிழில் விளக்கம். பெயர் போடாத பக்கம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் எனக்குக் கிடைத்த சொல் ‘கரௌஸ்’. கூட்டமாகச் சேர்ந்து குடித்துக் கும்மாளமிடுவதைச் சொல்லும் ஆங்கில வினைச்சொல்.

அதன் வேரைத் தேடிப் போனேன். என்ன கிடைத்தது தெரியுமா? ஜெர்மானியரின் ‘கார் அவுஸ்’! ‘கார்’ என்றால் முழுக்க. ‘அவுஸ்’ என்றால் வெளியே, தீர. சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கோப்பையைத் தூக்கிப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னது அது. முழுக்கத் தீர்த்துவிடு! அடியில் சொட்டு நிற்கக்கூடாது! அதைக் கேட்ட ஆங்கிலேயர்கள் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், வினைச்சொல்லாக வளர்த்துக்கொண்டார்கள்.

என்னைத் துள்ள வைத்தது எது தெரியுமா? அந்த வேருக்குள் குடி என்பதே இல்லை! முழுக்க, தீர... அவ்வளவுதான். எதைத் தீர்ப்பது? எங்கே தீர்ப்பது, வாயிலா, மண்ணிலா? வேர் வாயே திறக்கவில்லை. குடியை அதற்குள் ஊற்றியவர்கள் சுற்றி நின்றவர்கள்தான்.

இந்தக் கண்டுபிடிப்பு தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குப் பூசை.

தோட்டம் என்கிறேன், பாதி இப்போது இல்லை. செண்டாயான் பக்கம் வீடும் தொழிற்சாலையுமாய் எழும்பிவிட்டது. மிச்சம் செம்பனை மரங்கள். நாங்களெல்லாம் தாமான் குடியிருப்புக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. சாமி மட்டும் எல்லையிலேயே நிற்கிறார், கையில் அரிவாளோடு. வருடத்தில் ஒரு நாள் எல்லாரும் அங்கே திரும்பிப் போவோம்.

கோழி, சுருட்டு, சாராயம் எல்லாம் படைப்பார்கள். மற்ற பாட்டில்களை ஆண்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அரிவாளின் அடியில் வைக்கும் பாட்டிலை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது காவல்காரருக்குரியது. பூசை முடிந்ததும் எல்லைக்கல்லில் அதை முழுக்க ஊற்றிவிட வேண்டும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் ஆகாது. மிஞ்சினால் சாமி அதையே நினைத்துக்கொண்டு காவலில் கண் அயர்ந்துவிடுவார் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. ஊற்றுகிறவர் குடிக்காதவராக இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டுப்பாடு.

குடிக்காத ஆணை எங்கள் கூட்டத்தில் தேடிப் பிடிப்பது எளிதா என்ன? அந்தப் பொறுப்பு மணியம் மாமாவுக்கு வந்தது அப்படித்தான்.

மணியம் மாமா என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். ஒரு காலத்தில் அவர் குடித்த குடி கொஞ்சமில்லை. மலிவுச் சம்சுச் சாராயம். அத்தை ஒருநாள் துணிமணியைக் கட்டிக்கொண்டு ரெம்பாவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மாமா இதே முனியாண்டி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொண்டு, “இனிமே தொட்டா நீயே என்னைத் தூக்கிக்கிட்டுப் போயிடு” என்று அழுத பிறகுதான் அத்தை திரும்பி வந்தார். வந்து நிலைப்படியில் நின்று ஒன்றே ஒன்றைச் சொன்னாராம். “இன்னொரு தடவ வாடை வந்துச்சுன்னா, நான் சொல்லிக்கிட்டுப் போமாட்டேன்.”

அதன் பிறகு மாமா தொடவே இல்லை. பழைய வேன் ஒன்று வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போக ஆரம்பித்தார். முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு தாய் தன் மகனை அனுப்பினார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் அனுப்பினார். அப்படி ஒவ்வொரு வாசலாகச் சேர்ந்ததுதான் அந்த வேன். காலையில் ஹாரனை அழுத்தும்போது அவர் முதுகு நிமிர்ந்து இருக்கும்! தோட்டத்திலேயே கெட்ட பெயர் எடுத்தவர் கையில், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும்.

அன்று உச்சி வெயில். மாமா பாட்டிலை எல்லைக்கல்லில் ஊற்றுவதை எதிரே நின்று படம் எடுத்தேன். சாராயம் பளபளவென்று கல்லில் விழுந்து சிதறியது. தீர்ந்தது. அப்புறம்தான் அவர் அதைச் செய்தார்... சொட்டு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, பாட்டிலைத் தலைக்குமேல் கவிழ்த்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் தள்ளாடி நின்ற சுரேஷ் அண்ணன் சும்மா இருப்பாரா?

“அண்ணே, ஒரு சொட்டு தொங்குதுண்ணே! சாமி அந்தப் பக்கம் பாக்குறாருலா, நாக்க நீட்டிடுங்க!”

“டேய், போடா! நீ குடிச்ச குடிக்கு சாமிதான் அங்க ஏப்பம் விடுறாரு!”

சொல்லிவிட்டு மாமா அண்ணாந்தபடியே வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் விரல் கைப்பேசியை அழுத்தியது.

அந்த வாய் திறந்திருந்தது சிரிப்புக்காக. இதைத்தான் நான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கார் அவுஸ்! முழுக்க, தீர! ஜெர்மானியர் வாயில் பிறந்த சொல்லுக்கு எங்கள் செம்பனைக் காட்டில் உருவம் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். விளக்கத்தை இரண்டு பத்தியாக எழுதினேன். முதல் பத்தியில் சொல்லும் பொருளும். இரண்டாவதில் இப்படி எழுதியிருந்தேன்: இந்தப் படத்தில் இருப்பவர் குடிக்கவில்லை. சாமிக்கு ஊற்றிவிட்டு, பாட்டில் காலியா என்று பார்க்கிறார். இந்தச் சொல்லின் வேர் கேட்பதும் இவ்வளவுதான், குடியை அல்ல.

படித்துப் பார்த்தேன். நீளம்! யார் இவ்வளவு படிப்பார்கள்? சிரிப்பு பாதியில் உடைகிறது. முதல் பத்தியோடு நிறுத்தினால் பட்டென்று பிடிக்கும். படத்தைப் பார்த்த கண் சொல்லைப் பார்க்கும், உடனே சிரிக்கும்...

இரண்டாவது பத்தியை வெட்டினேன்.

தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. எழுதி வைத்த உண்மையை நானே அழித்தேன்! எதற்காக? இன்னும் நான்கு பேர் கூடுதலாகச் சிரிப்பதற்காக.

சிரித்தார்கள். என் பக்கத்துக்கு அதுவரை வராத கூட்டம் வந்தது. நான் கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, அது அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து மகிழ்ந்தேன். மகிழ்ந்தேன்... அந்தச் சொல்லை எழுதும்போதே கை கூசுகிறது.

யாரோ விளக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் பிரித்து அனுப்ப ஆரம்பித்தார்கள். சுற்றிச் சுற்றி அது வேன் பிள்ளைகளின் பெற்றோர் குழுவுக்கே வந்து சேர்ந்தது. கேள்விப்பட்ட உடனே நான் பக்கத்தையே அழித்துவிட்டேன். மாமாவைக் காப்பாற்றவா? இல்லை... என்னை!

பெற்றோர் சிலர் மாமா வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அத்தைக்கு உதவியாகப் பால் சேர்க்காத தேநீர், தே ஓ, கலக்கி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர்களில் இரண்டு பேருடைய பிள்ளைகள் என்னிடம் டியூஷன் படிக்கிறவர்கள். “டீச்சர், நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?” என்று என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள்.

ஒரு தாய்தான் பேச்சை எடுத்தார்.

“அண்ணே, உங்களத் தப்பா சொல்ல வரல. ஆனா பிள்ளைங்க விஷயம்லா... மனசு கேக்கல.”

“நான் குடிக்கலம்மா. ஊத்துனேன். முனியாண்டி சத்தியமா ஊத்துனேன். காலியான்னுதான் பாத்தேன்.”

“பாட்டில வாய்க்கு மேலயா பாப்பாங்க?”

“வேற எப்படிமா பாக்குறது? வெளிச்சம் மேலதானே இருக்கு!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா பதறிப்போய்ச் சொன்னார்:

“சுரேஷக் கேளுங்க! அவன் பக்கத்துலதான் நின்னான்.”

“யாரு, சுரேஷா?” என்றார் ஒரு தந்தை. “அவன் அன்னிக்கு சாமியக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ‘மச்சான், வீட்டுக்குப் போலாம் வாடா’ன்னு கூப்ட்டான்லா! அவன் சாட்சியா?”

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. கல்லுக்குப் பக்கத்தில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அன்று குடித்திருந்தவர்கள். குடிகாரன் பேச்சு அம்பலம் ஏறுமா? மற்றப் பெண்கள் அப்போது படையல் சோறு பக்கம் இருந்தார்கள். கல்லருகே தெளிவாக நின்றவர்கள் இரண்டே பேர். மாமா. நான்.

அத்தைக்கும் அது அந்த நொடியில் உறைத்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, கெஞ்சல்... என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்று யாராவது சொல்லுங்களேன் என்ற கெஞ்சல்.

“பாப்பா, நீ அங்கதானே இருந்த? நீ சொல்லு. ஊத்துனாரா?”

என் கைப்பேசி இடுப்புக்கருகே பையில் இருந்தது. அதில் அந்தப் படத்துக்கு முந்தைய படம் இருந்தது. சாராயம் கல்லில் விழுந்து சிதறும் படம்! எடுத்து நீட்டினால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

ஆனால் நீட்டினால்? இரண்டும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில் எடுத்தவை. பார்த்த உடனே தெரிந்துவிடும். அடுத்த கேள்வி என்னை நோக்கி வரும். டீச்சர், நீங்களா? இந்தத் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடமிருந்தும் நிறுத்துவார்கள். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? அத்தை... இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் ஓடியது. படித்த மூளை அல்லவா, வேகமாகத்தான் ஓடும்!

“நான்... அப்போ படையல் சோறு எடுக்கப் போயிட்டேன் அத்தை. பாக்கல.”

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். மாமா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தட்டிலிருந்த தே ஓவை எடுத்து, “குடிங்க, ஆறிடும்” என்று வந்தவர்களுக்கு நீட்டினார்.

அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் படிக்க முடியவில்லை. நான் படம் பிடித்ததை அவர் கண்டாரா? ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண் பாட்டிலுக்குள் இருந்தது. கண்டிருக்க வாய்ப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கண்டிருந்தால்? கண்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றால்? எது எனக்குப் பெரிய தண்டனை... சொல்லுங்கள்!

வேன் ஒவ்வொரு வாசலாகக் காலியானது. நம்பிக்கை சேர்ந்த அதே வரிசையில். கடைசியில் மாமா அதை விற்றுவிட்டார். இப்போது செண்டாயானில் ஒரு தொழிற்சாலை வாசலில், சீருடை போட்டுக்கொண்டு, லாரிகளுக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுகிறார். சுரேஷ் அண்ணன் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனால், “கரௌஸ் அண்ணே, சௌக்கியமா?” என்று கத்திவிட்டுப் போவாராம். தோட்டமே அவரை இப்போது அப்படித்தான் அழைக்கிறது. எனக்குக் கிடைத்த சொல், அவருக்குப் பெயராகிவிட்டது.

அடுத்த வருட முனியாண்டி பூசைக்கு அவரை யாரும் பாட்டில் ஊற்றக் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை.

அத்தை ரெம்பாவுக்குப் போய்விடவில்லை. போயிருந்தாலே மேல் என்று சில நேரம் தோன்றுகிறது. இருந்துவிட்டார்... ஆனால் மாலையில் மாமா வேலை முடிந்து வந்து வாசலில் காலணியைக் கழற்றியதும், அத்தை அருகில் போய் நிற்பார். மாமா வாயைத் திறந்து ஊதிக் காட்டுவார். அத்தை முகர்ந்து பார்ப்பார். பிறகு ஒதுங்கி வழிவிடுவார். அதன் பிறகே மாமா தன் வீட்டுக்குள் கால் வைப்பார்.

நான் அதை முதன்முதலில் பார்த்தபோது கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதேன் என்பதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது. அழுகை யாருக்கு வேண்டும்? பையில் அந்தப் படம் இருந்தது. அழாமல் அதை எடுத்துக் காட்டியிருக்கலாமே!

போன வாரம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். வாசலில் காலணிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன்.

மாமா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்தும், பழக்கத்தில், வாயைத் திறந்து என் முகத்துக்கு நேரே ஊதினார்.

“ஐயோ மாமா... நான்... எங்கிட்ட எதுக்கு?”

“பரவால்ல பாப்பா. பாத்துக்க. நீ படிச்ச பிள்ள, சொன்னா நம்புவாங்க. அத்தை வந்தா சொல்லிடு.”

அந்த மூச்சில் தேயிலை வாடை இருந்தது. வெற்றிலை வாடை இருந்தது. வெகுநேரம் சாப்பிடாத வயிற்றின் வாடை இருந்தது.

“ஒண்ணும் இல்ல மாமா” என்றேன்.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். காலுறையைக் கழற்றிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

“பாப்பா, ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்த இங்கிலீஸ் வார்த்த... அதுக்கு என்னதான் அர்த்தம்?”

இதோ, கேட்டுவிட்டார்! இரண்டாவது பத்தியை அவரே கேட்கிறார்! மாமா, அந்தச் சொல்லின் வேரில் குடியே இல்லை. முழுக்க, தீர என்பதுதான். நீங்கள் கல்லில் ஊற்றினீர்களே, அதுதான். அந்தப் படம் எடுத்தது... வரிகள் அப்படியே நாக்கில் நின்றன. அழித்ததில் ஓர் எழுத்துகூட மறக்கவில்லை.

“சேர்ந்து குடிச்சிட்டு ஆட்டம் போடுறது மாமா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“ம்...” என்றார். “பேரு வைக்கிறவனுங்க சும்மா வைக்கலலா.” காலுறையைச் சுருட்டி நாற்காலிக்கடியில் வைத்தார்.

இரண்டாவது முறையும் வெட்டிவிட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கக்கூட இல்லை.

அத்தை பைகளோடு வந்தார். மாமா கேட்டுக்கொண்டபடியே சொன்னேன்.

“நான் பாத்துட்டேன் அத்தை. வாடை ஒண்ணும் இல்ல.”

அத்தை பைகளைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அன்னிக்கு உன்னத்தான் மலையா நம்பிக் கேட்டேன். பாக்கலன்னுட்ட. இன்னிக்கு பாத்துட்டியா?”

சொல்லிவிட்டு நேரே மாமாவிடம் போனார். குனிந்தார்.

மாமா மறுபடியும் வாயைத் திறந்தார். நெஞ்சு உள்ளே ஒட்டும் வரை, தோள் இறங்கும் வரை, மூச்சு முழுவதையும் வெளியே விட்டார். சொட்டு மிஞ்சவில்லை.

கைப்பேசி என் பையில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதற்குள் சாராயம் இன்னும் அந்தக் கல்லில் விழுந்துகொண்டிருக்கிறது.